மாரிகுப்பத்து உஷ்ணக் கணக்கு

கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு ஓரத்தில் அமைந்திருப்பதனால், பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து வரும் கிளை ரயில்பாதை முடிகிற மாரிகுப்பத்தில், வேலூரும் திருப்பத்தூரும் அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் நாட்களிலும் மாலைக் காற்று இதமாகவே வீசும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்பை நாடி வந்து, ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திய கோலார் தங்கச் சுரங்கங்களில் வேலைக்கு அமர்ந்து, தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த இதம் தரைக்கு மேலே மட்டுமே வாய்த்தது. கேஜ் என்னும் கூண்டில் ஏறி, ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் குழி ஒன்றில் இறங்கி, நடு மட்டத்தில் மாறி, மற்றொரு ஷாப்டில் மேலும் இறங்கி அவர்கள் சென்றடைந்த இடங்களில் பாறையைத் தொட்டால் கை பொறுக்காது. மாரிகுப்பத்து மைசூர்ச் சுரங்கத்தை அடுத்துள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் காற்றுப்படாத கன்னிப்பாறையின் உஷ்ணம் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ்.

பூமியின் வயிறு சூடானது, ஆகையால் கீழே போகப் போகச் சூடு ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உலகின் பல பிரதேசங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பாறையின் உஷ்ணம் 25 முதல் 30 டிகிரி வரை உயருகிறது. மிகப் பழைமையான பாறைகளாலான கோலார்ப் பிரதேசத்திலோ அந்த உயர்வு 12 டிகிரி அளவுக்கே இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் இச்சுரங்கங்களில் செய்த அளவீடுகள், பூமியின் உள்ளிருந்து இங்கே கசிந்து வருகிற வெப்பம் மிகச் சொற்பமானது என்பதை நிலைநாட்டின. மற்ற இடங்களைப்போல் 30 டிகிரி வீதம் ஏறியிருந்தால் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை கொதிநீரைவிடச் சூடாக இருந்திருக்கும். தங்கம் எவ்வளவு கிடப்பினும் அங்கே மனிதர் போயிருக்க முடியாது. ஆகவே, வெப்ப விஷயத்தில் கோலார் அதிர்ஷ்டம் செய்த பூமி என்றே சொல்லவேண்டும். அப்படியிருந்தும் அடிமட்டத்தில் தொழிலாளி வியர்த்து விறுவிறுத்துப் போனான் என்றால், அதற்கு மற்றொரு காரணமும் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம், அவனுடைய உயிரைக் காப்பதற்கென்றே மேலிருந்து அனுப்பப்பட்ட காற்றுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பையன்கள் எல்லோரும் அறிவார்கள். ஷாப்ட் என்பது 3 கிலோமீட்டர் நீளமுள்ள பம்பு, அதில் அழுத்தும் கை காற்றின் சொந்தப் பாரமே. மாரிகுப்பத்துத் தரைமட்டத்தில் உள்ள வாயுவின் அழுத்தம், 3.2 கிலோமீட்டர் கீழே ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. இறங்குகிற ஒவ்வொரு கிலோகிராம் காற்றும் தன் உயரத்தை இழக்கிறது. இழந்த உயரத்தின் சக்தி வேறு எங்கும் போகாமல் உஷ்ணமாகவே அதில் தங்குகிறது. புவியீர்ப்பு வேகவளர்ச்சியைக் காற்றின் வெப்ப ஏற்புத் திறனால் வகுத்துப் பார்த்தால், உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் சூடேற வேண்டும் என்று வருகிறது. அதாவது, சுற்றியுள்ள பாறை பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்து, ஆனால் காற்றோடு எவ்வித வெப்பப் பரிமாற்றமும் செய்யாமல் இருந்தாலுங்கூட, மேலே 25 டிகிரியில் புறப்பட்ட காற்று அடியில் 56 டிகிரியில் வந்து சேரும். பாறையின் சூடும் காற்றின் சுயபாரமும் ஏறக்குறையச் சமபலம் கொண்ட இரண்டு எதிரிகள் என்பதைப் பார்க்கும்போது, பூமியின் வயிற்றை மட்டும் குறை கூறுவது நியாயமாகப் படவில்லை.

நடைமுறையில் ஷாப்டின் சுவர்கள் ஈரமாக இருக்கும். துளையிடும்போது தூசி எழாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கப்படும். அந்த ஈரம் ஆவியாகும்போது காற்றின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிலோகிராம் காற்றில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்தால் காற்று ஏறத்தாழ 2.4 டிகிரி குளிரும். ஆகையினால் சாதாரண வெப்பமானி காட்டும் எண், கணித்த 56-க்கு வெகுவாகக் குறைந்தே நிற்கும். ஆனால் இந்தக் குறைவு ஏமாற்று வித்தை. ஈரம் மிகுந்த காற்றில் உடம்பின் வியர்வை உலராது. சுரங்கத்தில் மனிதனால் வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது, ஈரத்துணி சுற்றிய குமிழ் கொண்ட வெப்பமானி காட்டும் அளவே.

இனிக் கணிதத்துக்கு வருவோம். அசையாமல் கிடக்கும் ஒரு பதார்த்தத்தில் உஷ்ணம் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பிரெஞ்சுக் கணித மேதை பூரியே 1822-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே தெளிவாக்கிவிட்டார். அவருடைய சமன்பாடு நிதானமான சுபாவம் கொண்டது. கோலாரின் கருமையான அடர்ந்த பாறையில் உஷ்ணத்தின் செய்தி ஒரு நாளில் ஓர் அடி தூரமே பரவும். ஓர் ஆண்டில் ஐந்தரை மீட்டர். நூறு ஆண்டுகளில் ஐம்பத்தைந்து மீட்டருக்குச் சற்று அதிகம். காலம் நூறு மடங்கானால் தூரம் பத்து மடங்கே ஆகும் என்கிற இந்த மந்தத் தன்மையினால், நூற்றாண்டுக்கு மேலாகக் காற்று ஓடிய ஒரு ஷாப்டைச் சுற்றிலும் சில பத்து மீட்டர் பருமனுள்ள ஆறிய பாறைப் போர்வை ஒன்று அமைந்துவிடுகிறது. பழைய பாதைகளில் வரும் காற்று புதிய பாதைகளில் வருவதைவிடக் குளிர்ந்திருப்பதற்கு இந்தப் போர்வையே காரணம்.

பதார்த்தம் நகரத் தொடங்கியதும் பூரியேயின் நிதானம் குலைந்துவிடுகிறது. ஷாப்டில் காற்று இறங்கும் அதே வேகத்தில் இறங்குகிற ஒரு கேஜில் ஒருவன் நிற்பதாகவும், ஆயிரம் மீட்டர் மட்டத்தில் மற்றொருவன் வெப்பமானியோடு அசையாமல் நிற்பதாகவும் கற்பனை செய்வோம். கேஜில் இருப்பவன் ஒரே காற்றுத் திரளோடு கூடவே பிரயாணம் செய்கிறான். அவன் கண்ணெதிரே அந்தக் காற்றின் உஷ்ணம் மேலும் மேலும் ஏறுகிறது. இந்த மாற்றத்துக்குக் காரணங்களாக அழுத்தம், சுவரிலிருந்து வரும் வெப்பம், ஈரத்தின் ஆவி ஆகிய மூன்றை மட்டுமே அவன் எழுதினால் போதும். மட்டத்தில் நிற்பவனுடைய வெப்பமானியிலோ காலையிலும் மாலையிலும் ஒரே எண்தான். எதுவும் மாறவில்லை என்று அவன் சத்தியம் செய்யலாம். ஆயினும் அவனைக் கடந்து கணந்தோறும் புதிய காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டமே வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. கேஜில் நிற்பவனுடைய பார்வைக்கு லக்ராஞ்சு என்பவரின் பெயரையும், மட்டத்தில் நிற்பவனுடைய பார்வைக்கு ஆய்லர் என்பவரின் பெயரையும் விஞ்ஞானிகள் சூட்டியிருக்கிறார்கள்; இருவரும் பதினெட்டாம் நூற்றாண்டின் கணிதப் பேராசான்கள். இருவர் கணக்கும் முடிவில் ஒன்றையே சொல்லவேண்டும். ஆனால் ஆய்லர் வழியில் எழுதும்போது, அசையாத பதார்த்தத்தின் சமன்பாட்டில் இல்லாத புதிய உறுப்பு ஒன்று, ஓட்டத்தின் வேகத்தை உஷ்ணச் சரிவால் பெருக்கி வருவது, சமன்பாட்டில் புகுந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் கணக்கிடுவோருக்கு நேரும் சங்கடங்களில் பெரும்பகுதி இந்த ஓர் உறுப்பிலிருந்தே பிறக்கிறது.

கம்ப்யூட்டருக்குத் தொடர்ச்சியான ஷாப்ட் தெரியாது; அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். துண்டின் உஷ்ணத்தை மேல் துண்டு, கீழ்த் துண்டு இரண்டின் சராசரியைக் கொண்டு மதிப்பிடுவது நியாயம் என்று தோன்றும். அசையாத பாறைக்கு அது நியாயமே. வேகமாக ஓடும் காற்றுக்கு அப்படிச் செய்தாலோ, விடையில் உஷ்ணம் ஒரு துண்டில் ஏறி, அடுத்ததில் இறங்கி, மறுபடி ஏறி, இயற்கையில் எங்குமில்லாத அலைகளாகத் துள்ளும். பரிகாரம், காற்று வருகிற திசையிலுள்ள துண்டை மட்டும் கேட்டறிவது. கீழே இன்னும் போய்ச் சேராத காற்று மேலேயுள்ள காற்றுக்கு எதையும் சொல்ல இயலாதல்லவா? இந்தப் பரிகாரத்தால் துள்ளல் அடங்கும். ஆனால் கூர்மையான உஷ்ண எல்லைகள் எல்லாம் மழுங்கிப் பரந்துபோகும். நோய்க்கும் மருந்துக்கும் நடுவே இணக்கமான ஒரு நிலையைத் தேடுவதிலேயே இத்துறையினர் அரை நூற்றாண்டுக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள்.

காலத்தைத் துண்டாக்குவதிலும் தொல்லை உண்டு. காற்றோ வெப்பமோ ஒரு காலத் துளியில் தன் துண்டைத் தாண்டி ஓடிவிடக் கூடாது என்பது 1928-ஆம் ஆண்டு கூரந்து, பிரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் வகுத்த நிபந்தனையின் சாரம். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கும் காற்றைப் பத்து மீட்டர் துண்டுகளாக வெட்டினால், காலத் துளி ஒன்றேகால் விநாடிக்கு மேற்படக் கூடாது. பாறையை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினாலோ, ஏறத்தாழ இருபது நிமிஷம் வரை போகலாம். காற்று ஷாப்டின் அடியை அடைய ஏழே நிமிஷம். அதற்குள் பாறையில் உஷ்ணம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும். ஒரே சுரங்கத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அநுபவமுள்ளவர்கள் இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பூட்டிக் கம்ப்யூட்டரை வதைப்பதில்லை. பாறையின் ஒவ்வொரு காலத் துளியிலும் காற்று தன் நிலையை உடனே அடைந்துவிட்டதாகக் கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் அதன் உஷ்ணத்தைக் கணித்துவிடுவார்கள்.

1930-களிலேயே இத்தங்கவயலில் காற்றைக் குளிரூட்டும் நிலையங்கள் தரைமேல் நிறுவப்பட்டன. 1902-ஆம் ஆண்டு முதல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்த ஊருக்கு அது பெரிய துணிச்சலான காரியமன்று. ஆனால் மேலே பத்து டிகிரி குளிரூட்டினால் கீழே பத்து டிகிரி குறையுமா என்றால், குறையாது. சுயபாரத்தால் வரும் சூடு சிறிதும் விட்டுக்கொடுக்காது. குளிர்ந்த காற்றைக் கண்ட ஷாப்டின் சுவரோ, முன்னைவிட அதிகமாகத் தன் வெப்பத்தை அதற்குள் தள்ளும். வழியெல்லாம் வரி கொடுத்து, மிச்சமே அடியில் வந்து சேரும். தரைமேல் குளிரூட்டியதில் கிடைத்த உண்மையான லாபம், காற்றின் ஈரம் அங்கேயே வடிந்துவிட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

காற்றுக்கு அடுத்தபடி நகர்வது வேலை நடக்கும் முகப்பு. தங்கம் ஓடிய படிகக்கல் நரம்பைத் துளைத்து, மருந்து வைத்து வெடித்து, உடைந்த கல்லை வாரியெடுத்துவிட்டு, ஸ்டோப் என்னும் தோண்டுமிடத்தின் முகப்பை நாளுக்கு நாள் முன்னே தள்ளிக்கொண்டு போகும்போது, வெப்பம் பாயும் பாறையின் எல்லையே இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. பாதைகளின் அசையாத சுவர்களிலிருந்து வரும் வெப்பத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் கோக், பாட்டர்சன் என்ற இருவர் 1940-ஆம் ஆண்டிலேயே அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார்கள்; முன்னேறும் முகப்பின் கணக்கை ஸ்டார்பீல்டு என்பவர் அங்கேயே 1966-ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டார். இங்கே ஒரு யுக்தி கைகொடுக்கிறது. முகப்பு நிற்கிறது, பாறைதான் நம்மை நோக்கி ஊர்ந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், எல்லை அசைவதை நிறுத்திவிடும். அதற்கு விலையாக, மேலே சொன்ன ஓட்ட உறுப்பு பாறையின் சமன்பாட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகப்பு நாளொன்றுக்கு ஓர் அடி வீதம் முன்னேறினால், அதற்கு முன்னே ஆறிய பாறையின் பருமனும் ஏறத்தாழ ஓர் அடியே. நாளொன்றுக்கு ஒரு மீட்டர் முன்னேறினாலோ அந்தப் பருமன் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். பாறை ஆறுவதற்குள் முகப்பு அதை எட்டிப் பிடித்துவிடுகிறது. ஆகவே வேலையின் வேகம் இரண்டு மடங்கானால், முகப்பில் வந்து கொட்டும் வெப்பமும் இரண்டு மடங்கு. உற்பத்தியைப் பெருக்கு என்று மேலேயிருந்து உத்தரவு போட்டவர்கள், அதே பேனாவால் உஷ்ணத்தையும் பெருக்கினார்கள்.

உடைந்து விழுந்த கல்லும் சும்மாயிருப்பதில்லை. பத்து சென்டிமீட்டர்க் கட்டி ஒன்று தன் சூட்டைக் காற்றில் விட முக்கால் மணி நேரமே போதும். ஒரு டன் கல் முப்பது டிகிரி ஆறினால், ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைத் தொழிலாளியின் முகத்தருகே கொட்டிவிட்டுப் பிறகுதான் மேலே ஏறும்.

மூன்றாவது விஷயம், பாறை நசுங்குவது. கோலாரின் பெயரை உலகச் சுரங்க இயலில் பிரசித்தமாக்கியது தங்கம் மட்டுமன்று, பாறை வெடித்துச் சிதறும் ராக்பர்ஸ்டும் கூடத்தான். 3 கிலோமீட்டர் ஆழத்தில் மேற்பாரத்தால் மட்டும் பாறைமீது விழும் அழுத்தம் சுமார் 85 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப்போல் எண்ணூறு மடங்குக்கு மேல். தோண்டிய வெற்றிடத்தைத் தாங்குவதற்குக் கருங்கல்லால் கட்டிய சுவர்களும் நாளடைவில் நெரிந்தன. நெரிபாடு மிஞ்சிய இடத்தில் பாறை வெடித்துச் சிதறி ஆட்களைப் பலிகொண்டது. மேலே லயன் வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கின. இத்தனை உக்கிரமான சக்தி உஷ்ணமாக மாறினால் என்ன ஆகும் என்று கேட்பது இயல்பு. கணக்குப் போட்டால் வருவது ஆச்சரியமான விடை: அந்த அழுத்தத்தில் ஒரு கன மீட்டர்ப் பாறையில் சேர்ந்துள்ள மீள்சக்தி முழுவதும் வெப்பமானாலும், பாறையின் உஷ்ணம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட உயராது. நேர்மாறாகப் பார்த்தால், காற்றுப்பட்டு முப்பது டிகிரி ஆறிய பாறை, சுருங்க இடமின்றி இறுகியிருக்குமானால், அதில் தோன்றும் இழுவிசை இருபது மெகாபாஸ்கலை நெருங்கும், அது அலட்சியப்படுத்தக்கூடியதன்று. உஷ்ணம் பாறையின் நெரிபாட்டை மாற்றுகிறது; நெரிபாடு உஷ்ணத்தை மாற்றுவதில்லை. ஆகையால் சுரங்கக் கணக்கில் முதலில் வெப்பத்தைத் தனியே கணித்துவிட்டு, அந்த விடையைக் கொண்டு நெரிபாட்டைப் பிறகு கணிக்கலாம்.

எஃகைத் தகடாக உருட்டும் பட்டறையில் இந்தச் சலுகை கிடையாது. ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் 1934-ஆம் ஆண்டில் அளந்து காட்டியபடி, உலோகத்தை நிரந்தரமாக வளைக்கச் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உஷ்ணமாகிறது. உஷ்ணம் ஏறியதும் உலோகம் இளகுகிறது. இளகியதும் இன்னும் எளிதில் வளைகிறது. அங்கே இரண்டு கணக்கையும் கைகோத்தே நடத்தவேண்டும். கணக்குத் துண்டுகளாலான வலையை உருமாறும் பதார்த்தத்தோடு கூடவே நகர்த்தினால், அந்த லக்ராஞ்சு வலையின் கண்கள் பிதுங்கி உருக்குலையும். அசையாத ஆய்லர் வலையிலோ பதார்த்தத்தின் ஓரம் எங்கே இருக்கிறது என்பது மங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதாக, பதார்த்தத்தைப் பின்பற்றியும் பின்பற்றாமலும், வேண்டியபடி வலையை நகர்த்திக்கொள்ளும் கலப்பு முறையொன்று 1960-களில் தோன்றி, 1974-ஆம் ஆண்டு ஹிர்ட், ஆம்ஸ்டன், குக் ஆகிய மூவரின் கட்டுரையால் பரவலாயிற்று. பாறையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: பிளவுத் தளத்தில் வழுக்கல் நிகழும்போது உழைப்பு முழுவதும் சில மில்லிமீட்டர்ப் பருமனுக்குள் குவிவதனால், அங்கே பாறை உருகிக் கண்ணாடிபோல் உறைந்த தடயங்கள் உலகின் பல இடங்களில் காணப்படுகின்றன. சராசரி எடுத்தால் மறைந்துபோகும் விஷயம் இது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கோலார்ச் சுரங்கங்களைப் பிற்காலத்தில் நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வேலை நிறுத்தப்பட்டது. பம்புகள் ஓய்ந்த பிறகு ஷாப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. காற்றின் கணக்கு முடிந்தது, தண்ணீரின் கணக்கு தொடங்கியது. நூறாண்டுக் காலம் ஆறிய பாறைப் போர்வை, பழைய சூட்டைத் திரும்பப் பெற அதே அளவு காலம் வேண்டும். இதனிடையே, தண்ணீர் தன் பாரத்தால் சூடேறுவது கிலோமீட்டருக்கு அரை டிகிரிக்கும் குறைவே, பாறையின் உஷ்ண உயர்வோ 12 டிகிரி; ஆகவே அடியிலுள்ள நீர் லேசாகி எழவும் மேலுள்ளது கனத்து இறங்கவும் ஷாப்ட் முழுவதும் புரண்டுகொண்டிருக்க வேண்டும். ஆனால் தொல்பாறைகளின் ஆழத்து நீர் உப்பு மிகுந்ததாயின், சூடாயிருந்தும் கனமாகவே அடியில் தங்கி, புரளலைத் தடுத்துவிடும். நெதர்லாந்தின் ஹேர்லென் நகரில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் வெந்நீரைக் கொண்டு 2008 முதல் கட்டடங்களைச் சூடேற்றுகிறார்கள். மாரிகுப்பத்தில் வீட்டைச் சூடேற்ற எவருக்கும் அவசியமில்லை என்றாலும், அந்த நீரில் எவ்வளவு வெப்பம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது தெரிந்துகொள்ளத் தக்கதே. பெரிய கம்ப்யூட்டர்க் கணக்கைத் தொடங்குமுன், நீண்ட கம்பியொன்றில் வெப்பமானியைக் கட்டி ஒரு ஷாப்டில் இறக்கி, நூறு மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தால் போதும்: உயர்வு கிலோமீட்டருக்கு அரை டிகிரிக்குள் இருந்தால் நீர் புரள்கிறது. 12 டிகிரியை ஒட்டியிருந்தால் உப்பு அதை அடக்கி வைத்திருக்கிறது.